ஆங்கிலம் எந்தெந்த நாட்டின் ஆட்சிமொழி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்திரம், பிறப்புச் சான்றிதழ், தீர்ப்பு நகல் என்று ஆவணங்களை மொழிபெயர்த்துக் கொடுப்பது என் தொழில். வெளிநாட்டுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகிறவர்கள்தான் அதிகம் வருவார்கள். வேலை முடிந்து பேச்சு வளரும்போது, "அந்த நாட்டில் ஆங்கிலம்தானே ஆட்சிமொழி?" என்று கேட்பார்கள். "ஆமாம்" என்று ஒரே சொல்லில் முடிக்க முடிந்த நாடுகள் குறைவு. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

ஆட்சிமொழி, அலுவல் மொழி, தேசிய மொழி எல்லாம் ஒன்றா?

தமிழிலேயே இதற்கு ஊருக்கு ஒரு சொல் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆட்சிமொழி என்கிறோம். மத்திய அரசு விஷயம் என்றால் அலுவல் மொழி என்றும் எழுதுகிறோம். இலங்கையில் அரசகரும மொழி. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அதிகாரத்துவ மொழி. பொருள் ஒன்றுதான்: அரசு எந்த மொழியில் சட்டம் எழுதுகிறது, ஆணை போடுகிறது, தீர்ப்புச் சொல்கிறது, உங்கள் மனுவை எந்த மொழியில் வாங்கிக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறது என்பது.

தேசிய மொழி வேறு. அது நாடு தன் அடையாளமாக வைத்துக்கொள்ளும் மொழி. சிங்கப்பூரின் தேசிய மொழி மலாய். நாட்டுப்பண் மலாயில்தான், ராணுவ அணிவகுப்பின் கட்டளைகளும் மலாயில்தான். ஆனால் சட்டமும் கோப்பும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. இந்தியாவுக்கு அரசமைப்புச் சட்டத்தில் தேசிய மொழி என்று ஒன்று கிடையாது. 343-ஆம் பிரிவு பேசுவது ஒன்றியத்தின் ஆட்சிமொழியைப் பற்றி மட்டும்தான். "இந்திதான் நாட்டின் தேசிய மொழி" என்று யார் சொன்னாலும், எந்தப் பாடப்புத்தகத்தில் பார்த்தாலும், அது தவறு.

மொத்தம் எத்தனை நாடுகளில் ஆங்கிலம் ஆட்சிமொழி?

ஐம்பதுக்கும் மேல். அதற்கு மேல் துல்லியமாக எண்ணினால் பட்டியலுக்குப் பட்டியல் மாறும். சில நாடுகள் அரசமைப்பிலேயே எழுதிவைத்திருக்கின்றன, சில சாதாரணச் சட்டம் போட்டிருக்கின்றன, சில எதையும் எழுதாமல் வழக்கத்திலேயே நடத்துகின்றன. நைஜீரிய அரசமைப்பின் 55-ஆம் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். நாடாளுமன்ற அலுவல் ஆங்கிலத்தில் நடக்கும், உரிய ஏற்பாடு செய்ததும் ஹவுசா, இக்போ, யொரூபா மொழிகளிலும் நடக்கும் என்கிறது. நாட்டுக்கு இதுதான் ஆட்சிமொழி என்று சொல்லவில்லை. இப்படிப்பட்ட நாடுகளை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதில்தான் எண் கூடுகிறது, குறைகிறது.

இத்தனை நாடுகளைப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது ஒன்று. ஆங்கிலம் எல்லார் வீட்டிலும் புழங்கும் இடத்தில் அதை யாரும் சட்டத்தில் எழுத அவசரப்படவில்லை. பக்கத்தில் இன்னொரு மொழி நின்றபோதுதான் எழுதினார்கள். கீழே வரும் பதில்களில் இதை நீங்களே பார்க்கலாம்.

இங்கிலாந்தில் ஆங்கிலம்தானே ஆட்சிமொழி?

நடைமுறையில் ஆமாம். ஆனால் நாடு முழுமைக்கும் அப்படி அறிவிக்கும் சட்டம் ஒன்று இல்லை.

1066-இல் பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் அங்கே ஆள்பவர்களின் மொழி பிரெஞ்சு, ஏட்டு மொழி லத்தீன். நீதிமன்றத்தில் நிற்கும் குடியானவனுக்குத் தன் வழக்கில் என்ன பேசுகிறார்கள் என்றே புரியாது. 1362-இல் ஒரு சட்டம் வந்தது: மக்களுக்குப் பிரெஞ்சு தெரியவில்லை, ஆகவே வழக்குகளை ஆங்கிலத்தில் வாதிட வேண்டும், பதிவு மட்டும் லத்தீனில் இருக்கட்டும் என்று. அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது. லத்தீன் பதிவு ஒழிய 1733 வரை ஆனது. இன்றைக்கும் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதாவுக்கு மன்னரின் ஒப்புதல் கிடைத்ததை அறிவிப்பது பழைய நார்மன் பிரெஞ்சு வாக்கியத்தில்தான். "மன்னர் இதை விரும்புகிறார்" என்று பொருள்.

ஆங்கிலத்தைத் திணிக்கும் சட்டம் பிரிட்டனில் வந்தது வேல்ஸில். 1536-இல் எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டம், வேல்ஸ் நீதிமன்றங்களில் ஆங்கிலம் மட்டுமே என்றது. வெல்ஷ் பேசுகிறவர்கள் ஆங்கிலத்தைக் கையாளாவிட்டால் அரசுப் பதவி இல்லை என்றது. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே பல பள்ளிகளில் ஒரு மரத்துண்டு இருந்தது. வெல்ஷ் பேசி மாட்டிக்கொண்ட பிள்ளையின் கழுத்தில் அதைத் தொங்கவிடுவார்கள். அந்தப் பிள்ளை வெல்ஷ் பேசும் இன்னொரு பிள்ளையைக் காட்டிக்கொடுத்தால் துண்டு அதன் கழுத்துக்கு மாறும். சாயங்காலம் யார் கழுத்தில் கிடக்கிறதோ அவருக்கு அடி. பிள்ளைகளை ஒருவருக்கொருவர் ஒற்றராக்கிய அந்தத் துண்டை நினைத்தாலே எனக்கு மனசு ஆறாது. 2011-இல்தான் வெல்ஷ் மொழிக்கு வேல்ஸில் ஆட்சிமொழி என்ற சட்ட நிலை கிடைத்தது. ஸ்காட்லாந்தில் கேலிக், ஸ்காட்ஸ் மொழிகளுக்கு 2025-இல் நிறைவேறிய சட்டம் அதைத் தந்தது. ஆங்கிலத்துக்கு மட்டும் அப்படி ஓர் அறிவிப்பு தேவைப்படவில்லை.

அமெரிக்காவில்?

1776-இலிருந்து 2025 வரை கூட்டாட்சி அளவில் ஆட்சிமொழி என்று எதுவும் இல்லை. 2025 மார்ச் 1 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட நிர்வாக ஆணை ஆங்கிலத்தை ஆட்சிமொழி என்றது. ஆங்கிலம் சரளமாகத் தெரியாதவர்களுக்கு அரசுத் துறைகள் உதவ வேண்டும் என்று 2000-இல் கிளின்டன் போட்ட ஆணையையும் அது ரத்து செய்தது. ஆனால் இது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இல்லை. அடுத்து வரும் அதிபர் இன்னோர் ஆணையால் இதை நீக்கிவிடலாம். வேறு மொழிகளில் தரும் சேவைகளை நிறுத்தியே ஆக வேண்டும் என்றும் ஆணை சொல்லவில்லை.

மாநிலங்கள் இதற்கு முன்பே தனித்தனியாகச் சட்டம் போட்டன. முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஆங்கிலம் ஆட்சிமொழி. இல்லினாய் மாநிலம் 1923-இல் "அமெரிக்க மொழி"தான் எங்கள் ஆட்சிமொழி என்று எழுதி, 1969-இல் அதை ஆங்கிலம் என்று திருத்தியது. ஹவாயில் ஹவாய் மொழிக்கும் 1978-இலிருந்து சம இடம் உண்டு.

ஒரே ஒரு ஓட்டில் ஜெர்மன் அமெரிக்காவின் ஆட்சிமொழி ஆகாமல் போனதாமே?

கதை. வர்ஜீனியாவில் இருந்த ஜெர்மானியர்கள் சட்டங்களை ஜெர்மனிலும் அச்சிட்டுத் தரும்படி மனு கொடுத்தார்கள், அவ்வளவுதான். 1795-இல் அந்தப் பேச்சின் நடுவே அவையை ஒத்திவைப்பது பற்றிய ஒரு வாக்கெடுப்பு 42-க்கு 41 என்று தோற்றது. அந்த ஒரு ஓட்டு ஊதிப் பெருகி இந்தக் கதையாகிவிட்டது.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, அயர்லாந்து?

ஆஸ்திரேலியாவில் சட்டம் எதுவும் இல்லை, வழக்கம்தான். நியூசிலாந்தில் மாவோரி மொழி 1987-இலும் சைகை மொழி 2006-இலும் சட்டப்படி ஆட்சிமொழி ஆயின. கனடாவில் பிரெஞ்சு இருப்பதால் 1969-இலேயே ஆட்சிமொழிகள் சட்டம் வந்து இரண்டுக்கும் சம நிலை தந்தது. அங்கேயும் மாகாண அளவில் இருமொழி என்று அரசமைப்பில் உள்ளது நியூ பிரன்ஸ்விக் மட்டும்தான். கியூபெக்கில் பிரெஞ்சு மட்டுமே.

அயர்லாந்தின் 1937 அரசமைப்பு ஐரிஷ் மொழியைத் தேசிய மொழி, முதல் ஆட்சிமொழி என்கிறது. ஆங்கிலம் இரண்டாவது. மக்கள் வீட்டில் பேசுவது பெரும்பாலும் ஆங்கிலம்தான். ஆனாலும் அரசமைப்பின் இரண்டு வடிவங்களும் முரண்பட்டால் ஐரிஷ் வடிவமே செல்லும்.

இந்தியாவில் ஆங்கிலத்தின் இடம் என்ன?

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம், ஒன்றியத்தின் ஆட்சிமொழி தேவநாகரியில் எழுதப்படும் இந்தி என்றது. ஆங்கிலத்துக்குப் பதினைந்து ஆண்டு அவகாசம். கெடு 1965 ஜனவரி 26.

கெடு நெருங்கியதும் 1963-இல் ஆட்சிமொழிகள் சட்டம் வந்தது. அதில் ஆங்கிலம் தொடர்வதைச் சொல்ல "மே" என்ற சொல்லைப் போட்டிருந்தார்கள். தமிழில் சொன்னால் "தொடரலாம்". மாநிலங்களவையில் இருந்த அண்ணா, அங்கே "ஷல்" என்று இருக்க வேண்டும் என்றார். அதாவது "தொடர வேண்டும்". "தொடரலாம்" என்றால் தொடராமலும் போகலாமே! இந்த வித்தியாசம் என் மேசைக்குத் தினமும் வருகிறது. வாடகை ஒப்பந்தத்தில் "வாடகைதாரர் வெள்ளையடிக்கலாம்" என்று எழுதினால் அது அவர் விருப்பம். "வெள்ளையடிக்க வேண்டும்" என்று எழுதினால் அவர் கையை விட்டுப் பணம் போகும். ஒரு விகுதிதான், ஆனால் கடன் யார் தலையில் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. ஒரு வாடகைச் சீட்டுக்கே அப்படி என்றால், கோடிக்கணக்கான பேரின் வேலைக்கும் தேர்வுக்கும் அடிப்படையான சட்டத்தில் அண்ணா அந்தச் சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டதில் வியப்பு என்ன இருக்கிறது?

"மே" என்றாலும் "ஷல்" என்ற பொருள்தான் என்று நேரு சமாதானம் சொன்னார், சொல் மாறவில்லை. 1965 ஜனவரியில் தமிழ்நாட்டு மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். பிப்ரவரி 11 அன்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் பேசி, ஆங்கிலம் தொடரும் என்ற நேருவின் உறுதிமொழி காக்கப்படும் என்றார். அந்த உறுதி சட்டமானது 1967-இல் செய்த திருத்தத்தில். இந்தியை ஏற்காத மாநிலத்தோடு மத்திய அரசு கடிதம் எழுத ஆங்கிலம் பயன்பட வேண்டும் என்று "ஷல்" போட்டே எழுதினார்கள். இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத எல்லா மாநிலச் சட்டமன்றங்களும் தீர்மானம் போட்டு, பிறகு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் போட்டால்தான் ஆங்கிலத்தை நீக்க முடியும். ஒரு சட்டமன்றம் மறுத்தாலும் முடியாது.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. மத்திய அரசின் 1976-ஆம் ஆண்டு ஆட்சிமொழி விதிகளின் முதல் விதியே, இவை தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுமைக்கும் செல்லும் என்கிறது.

எட்டாம் அட்டவணையில் ஆங்கிலம் இருக்கிறதா?

இல்லை. அரசமைப்புச் சட்டம் அந்த அட்டவணையில் பட்டியலிடும் 22 மொழிகளில் அது கிடையாது. ஆனால் மாநிலங்கள் தங்கள் ஆட்சிமொழியைத் தாங்களே முடிவு செய்யலாம், அது அட்டவணையில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நாகாலாந்து 1967-இல் ஆங்கிலத்தை ஏற்றது. பல நாகா இனங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மொழி. ஒன்றை எடுத்தால் மற்றவர்களுக்கு வருத்தம். அருணாசலப் பிரதேசத்திலும் மேகாலயாவிலும் ஆங்கிலம் ஆட்சிமொழி.

அப்புறம் ஏன் உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஆங்கிலத்தில் வருகிறது?

காரணம் அரசமைப்பின் 348-ஆம் பிரிவு. நாடாளுமன்றம் வேறு விதமாகச் சட்டம் செய்யும் வரை உச்ச நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றங்களிலும் ஆங்கிலம்தான். குடியரசுத் தலைவரின் முன் ஒப்புதலோடு ஆளுநர் வேறு மொழியை அனுமதிக்கலாம். ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் உயர் நீதிமன்றங்களில் இந்திக்கு அந்த அனுமதி இருக்கிறது. தமிழுக்கும் அதையே கேட்டுத் தமிழ்நாடு சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் போட்டது. இன்னும் கிடைக்கவில்லை. கீழ் நீதிமன்றங்களில் சாட்சியமும் தீர்ப்பும் தமிழில் இருக்க மாநிலச் சட்டம் வழி செய்திருக்கிறது.

என் பெரியப்பாவின் நில வழக்கு மேல்முறையீட்டில் முடிந்தபோது பதினான்கு பக்கத் தீர்ப்பு வந்தது. அவர் தமிழ்ப் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறவர். அந்தப் பதினான்கு பக்கத்தையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதில் தள்ளுபடி என்று எங்கேப்பா போட்டிருக்கு?" என்று கேட்டார். கடைசிப் பக்கத்தில் இருந்த அந்த ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தேன். அவரும் தன் விரலை அதன் மேல் வைத்துச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷம் நடந்த தன் வழக்கின் முடிவை அவர் அப்படித்தான் தெரிந்துகொண்டார். மத்திய அரசோடு பேச எனக்கு ஆங்கிலம் வேண்டும், அது இல்லையென்றால் இந்தி வந்து உட்கார்ந்துவிடும். ஆனால் என் ஊர்க்காரரின் நிலத்தைப் பற்றிய தீர்ப்பு அவருக்குத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

2019 முதல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளில் சிலவற்றைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் மொழிபெயர்த்து இணையத்தில் வெளியிடுகிறது. நல்ல தொடக்கம். சட்டப்படி செல்வது ஆங்கில மூலம்தான்.

பாகிஸ்தான், மலேசியாவிலும் இப்படிக் கெடு வைத்தார்களா?

வைத்தார்கள். பாகிஸ்தானின் 1973 அரசமைப்பு உருதுவைத் தேசிய மொழி என்று சொல்லி, பதினைந்து ஆண்டுக்குள் அது ஆங்கிலத்தின் இடத்துக்கு வர ஏற்பாடு செய்யச் சொன்னது. 1988 வந்தது, போனது. 2015-இல் உச்ச நீதிமன்றமே தலையிட்டு உருதுவை நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. ஆங்கிலம் அங்கே இன்னும் இருக்கிறது.

மலேசியா பத்து ஆண்டு வைத்தது, சொன்னபடி செய்தது. 1957-இல் விடுதலை, 1967 செப்டம்பர் 1 முதல் தீபகற்பத்தில் மலாய் மட்டுமே ஆட்சிமொழி. குறிப்பிட்ட சில தேவைகளுக்கு ஆங்கிலத்தை விட்டுவைத்தார்கள். சரவாக்கில் ஆங்கிலம் மலாயோடு சேர்ந்து இன்றும் ஆட்சிமொழி.

பிலிப்பைன்ஸின் 1987 அரசமைப்பு கெடுவே வைக்கவில்லை. பிலிப்பினோவும், "சட்டம் வேறு விதமாகச் சொல்லும் வரை" ஆங்கிலமும் ஆட்சிமொழிகள்.

இலங்கையில் ஆங்கிலம் அரசகரும மொழியா?

இல்லை, இணைப்பு மொழி. 1956-இன் தனிச் சிங்களச் சட்டம் ஆங்கிலத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சிங்களத்தை மட்டும் வைத்தது. ஆங்கிலத்தில் படித்து அரசு வேலையில் இருந்த தமிழர்கள் சிங்களம் கற்க வேண்டும், இல்லாவிட்டால் பதவி உயர்வு இல்லை என்ற நிலை வந்தது. ஒரு மொழியை எடுப்பதை விட, அந்த இடத்தில் எதை வைக்கிறோம் என்பதுதான் பெரிய கேள்வி என்பதற்கு இதைவிடக் கசப்பான பாடம் தமிழர்களுக்கு வேண்டியதில்லை.

1978 அரசமைப்பில் சிங்களம் அரசகரும மொழி, தமிழ் தேசிய மொழிகளில் ஒன்று. 1987-இல் பதின்மூன்றாம் திருத்தம் 18-ஆம் உறுப்புரையில் இரண்டு வரி சேர்த்தது: தமிழும் அரசகரும மொழி, ஆங்கிலம் இணைப்பு மொழி. "தமிழும்" என்பதில் உள்ள "உம்"மைப் பாருங்கள். இரண்டையும் ஒரே வரியில் சமமாக எழுதாமல், முதல் வரியில் சிங்களத்தை அப்படியே வைத்துவிட்டு, அடுத்த வரியில் தமிழை ஒட்டவைத்தார்கள். இங்கேயும் ஒரு விகுதிதான்.

சிங்கப்பூரில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் ஒரே நிலையா?

அரசமைப்பின் 153ஏ பிரிவில் மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் நான்கும் ஒரே வரியில் அதிகாரத்துவ மொழிகள். நாடாளுமன்றத்தில் எதிலும் பேசலாம், உடனுக்குடன் மொழிபெயர்ப்பு உண்டு. பணத்தாளில் "சிங்கப்பூர்" என்று தமிழிலும் இருக்கும். ஆனால் சட்டம் ஆங்கிலத்தில், 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் பயிற்று மொழியும் ஆங்கிலம். அங்கே தமிழுக்கு ஆபத்து சட்டத்தால் இல்லை, வீட்டில் பேச்சு குறைவதால்.

யாருக்குமே தாய்மொழியாக இல்லாத நாட்டில் ஆங்கிலத்தை ஏன் வைக்கிறார்கள்?

இந்தக் கேள்விக்கு நமீபியாதான் நல்ல பதில். முதலில் ஜெர்மன் ஆட்சி, பிறகு தென்னாப்பிரிக்காவின் ஆட்சி. தென்னாப்பிரிக்க ஆட்சியாளர்களின் ஆப்பிரிகான்ஸ் மொழி அடக்குமுறையின் அடையாளமாகிவிட்டது. 1990-இல் விடுதலை பெற்றபோது அரசமைப்பின் 3-ஆம் பிரிவில் ஆங்கிலத்தை மட்டும் ஆட்சிமொழி என்று எழுதினார்கள். வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் அங்கே மிகச் சிலர். ஆங்கிலம் தெரியாத ஆசிரியர்கள் ஆங்கிலத்தில் பாடம் எடுக்க வேண்டி வந்தது. அந்த முடிவுக்குப் பிள்ளைகள் கொடுத்த விலை அது.

தென் சூடான் 2011-இல் சூடானிலிருந்து பிரிந்ததும் அரபிக்குப் பதிலாக ஆங்கிலத்தை எடுத்தது. ருவாண்டா பிரிட்டிஷார் ஆண்ட நாடே இல்லை, பெல்ஜியம் ஆண்டது. 1994 இனப்படுகொலைக்குப் பிறகு உகாண்டாவில் அகதிகளாக வளர்ந்தவர்கள் ஆட்சிக்கு வந்தார்கள், அவர்களுக்குத் தெரிந்தது ஆங்கிலம். உள்ளூர் மொழியான கின்யருவாண்டா, பிரெஞ்சு ஆகியவற்றோடு ஆங்கிலமும் ஆட்சிமொழி ஆனது. 2008-இல் பள்ளிகளைப் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்ற முடிவெடுத்தார்கள், 2009-இல் காமன்வெல்த்தில் சேர்ந்தார்கள்.

சட்டத்தில் இரண்டு மொழியும் சமம் என்று எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

கேமரூனைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. பிரெஞ்சும் ஆங்கிலமும் அங்கே சமமான ஆட்சிமொழிகள். ஆனால் ஆங்கிலம் பேசும் மேற்குப் பகுதிகளின் நீதிமன்றங்களுக்குப் பிரெஞ்சு மட்டும் தெரிந்த நீதிபதிகளை அனுப்பினார்கள் என்று 2016-இல் வழக்கறிஞர்கள் போராடினார்கள், ஆசிரியர்கள் சேர்ந்துகொண்டார்கள். மறு வருஷமே அது ஆயுதச் சண்டை ஆனது.

மொரீஷியஸில் நாட்டுக்கு ஆட்சிமொழி என்று அரசமைப்பில் இல்லை. நாடாளுமன்றத்தின் மொழி ஆங்கிலம், உறுப்பினர் பிரெஞ்சிலும் பேசலாம் என்று மட்டும் உண்டு. அங்கே ரூபாய்த் தாளில் ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழ் எழுத்து இருக்கும். 1998-இல் புதுத் தாள் அடித்தபோது தமிழைக் கீழே தள்ளி இந்தியை மேலே வைத்தார்கள். தமிழர்கள் எதிர்த்தார்கள். தாள்களைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே மறுபடி அச்சிட்டார்கள்.

பிரிட்டன் விலகிய பிறகும் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆங்கிலம் எப்படி நிற்கிறது?

மொழிகளை முடிவு செய்வது 1958-இன் முதல் ஒழுங்குவிதி. அதில் உள்ள 24 மொழிகளில் ஆங்கிலமும் ஒன்று. மாற்ற வேண்டுமானால் எல்லா உறுப்பு நாடுகளும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். அயர்லாந்துக்கும் மால்டாவுக்கும் ஆங்கிலம் ஆட்சிமொழி, அவை எதற்குச் சம்மதிக்கப் போகின்றன?

ஐ.நா.வில், விமானத்தில்?

ஐ.நா.வுக்கு ஆறு ஆட்சிமொழிகள்: அரபி, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானிஷ். சர்வதேச விமானப் போக்குவரத்தில் விமானிகளுக்கும் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்களுக்கும் ஆங்கிலத் திறன் தேர்வு கட்டாயம்.

கடைசியாக ஒன்று. மத்திய அரசு அலுவலகத்துக்கு நான் தமிழில் மனு கொடுக்கலாமா?

தாராளமாக. அரசமைப்பின் 350-ஆம் பிரிவு, குறை தீர்க்கக் கோரும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ புழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரியிடமும் கொடுக்க எல்லாருக்கும் உரிமை தந்திருக்கிறது. பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்று அந்தப் பிரிவில் இல்லை, அதனால் பதில் ஆங்கிலத்தில் வந்தால் திகைக்க வேண்டாம். "தமிழில் வாங்க மாட்டோம்" என்று சொல்வார்களோ என்று தயங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மனுவின் தலைப்பிலேயே "அரசமைப்புச் சட்டம் பிரிவு 350-இன்படி" என்று ஒரு வரி எழுதுங்கள். இரண்டு நகல் கொண்டுபோங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.